பன்னிரண்டுக்குக் கீழே

“தாடைய இதுல வைங்கய்யா. நெத்தி அந்தப் பட்டையில ஒட்டணும். நடுவுல மஞ்சளா ஒரு லைட்டு தெரியுதா, அத மட்டும் பாருங்க. சுத்தி எங்கியாச்சும் புள்ளி மின்னுச்சின்னா இந்தப் பட்டன அமுக்குங்க. மின்னலன்னா அமுக்காதீங்க” என்று சொல்லிவிட்டு ரெஜினா அறை விளக்கை அணைத்தாள். மின்னாவிட்டால் எதற்கு அமுக்கப் போகிறேன், என்னை யாரென்று நினைத்தாள் இந்தப் பெண், முப்பத்தொரு வருடம் சர்க்கரை ஆலையில் பாய்லர் பார்த்தவன் நான், முதல் வகுப்பு அட்டெண்டன்ட் சக்கரபாணி என்று தென்னாற்காட்டில் எந்த ஆலையில் வேண்டுமானாலும் போய்க் கேட்கட்டும், கேட்டவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள், என் ஷிப்டில் ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட அழுத்தம் மீறி சேஃப்டி வால்வு ஊதியது கிடையாது, அதற்கு முன்பே என் கை அடுப்புக்குப் போகிற கரும்புச் சக்கையைக் குறைத்திருக்கும். மற்றவர்கள் பிரஷர் மீட்டரின் முள்ளைப் பார்ப்பார்கள், நான் முள் நகரப் போவதைப் பார்ப்பேன். சரி, இப்போது மஞ்சள் விளக்கைப் பார்ப்போம். வலது கண்ணில் கறுப்பு மூடி போட்டிருக்கிறாள். மூடினாலும் ஒன்றுதான், மூடாவிட்டாலும் ஒன்றுதான், முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினால் நிழல் போவது தெரியும், அவ்வளவுதான் அந்தக் கண்ணின் யோக்கியதை. பரீட்சை இடது கண்ணுக்கு. இருப்பது அது ஒன்றுதான். பெரிய சோற்று அண்டாவைச் சாய்த்து அதற்குள் தலையை விட்டது மாதிரி வெள்ளையாக வளைந்து கிடக்கிறது எதிரே, நடுவில் மஞ்சள் பொட்டு, அதோ அதை ஒட்டி ஒரு புள்ளி, அமுக்கினேன், இடப்பக்கம் ஒன்று, அமுக்கினேன், கீழே மங்கலாக ஒன்று, அமுக்கினேன். பார்த்தாயா, சக்கரபாணியின் கண் இன்னும் வேலை செய்கிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், ரெஜினாவிடம் அல்ல, எனக்கு நானே. ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் இந்த மெஷினுக்குள் ஒரு சின்னச் சத்தம் வருகிறது. பழைய மெஷின். உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி திரும்புகிறது போலிருக்கிறது, மேசை டிராயரை மெதுவாகத் தள்ளினால் வருமே, அந்த அளவு சத்தம். மற்றவர்களுக்குக் கேட்காது. நீராவி இரைச்சலுக்கு நடுவில் நின்றுகொண்டு, ஃபீடு பம்பு தண்ணீரை விழுங்குகிறதா காற்றை விழுங்குகிறதா என்று காதாலேயே சொன்னவனுக்குக் கேட்காமல் இருக்குமா? இரண்டு பரீட்சைக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டேன். சத்தம் வந்ததும் கொஞ்சம் பொறுத்து அமுக்க வேண்டியது, புள்ளி தெரிந்தாலும் சரி, தெரியாவிட்டாலும் சரி. போன தடவை ரெஜினா காகிதத்தைப் பார்த்து, “சில எடத்துல லைட்டே வரலங்கய்யா, மெஷின் சும்மா செக் பண்ணும், அப்பயும் அமுக்கிட்டீங்க” என்றாள். நான் விடுவேனா? “மெஷினுக்கு ஆயில் போடு தாயி” என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. கண் பரீட்சையில் காதால் பாஸ் பண்ணியவன் இந்தப் பாண்டிச்சேரியில் வேறு யார் இருக்கிறான்? சத்தம். அமுக்கினேன். இப்போது புள்ளி வந்ததா? வந்த மாதிரி இருந்தது. சரி, வந்தது என்றே வைத்துக்கொள்வோம்.

காலையில் டாக்டர் பிரமிளா ஒரு வெள்ளைத் தாளில் கண்ணை வரைந்து காட்டினார். டாக்டருக்கு வயது நாற்பது இருக்கும், குரல் உயர்த்தாதவர், ஆனால் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. “கண்ணுக்குள்ள தண்ணி ஊறிக்கிட்டே இருக்கும்யா, அது வெளிய போற வழி உங்களுக்கு அடைச்சிக்கிச்சி. மூணு சொட்டு மருந்து, மாத்திர, எல்லாம் குடுத்தும் அழுத்தம் இருபத்தெட்டுல நிக்கிது. நரம்பு ஏற்கெனவே முக்காவாசி போயிடுச்சி. போனது திரும்பாது, இருக்கறதக் காப்பாத்தணும்னா அழுத்தம் பன்னெண்டுக்குக் கீழ வரணும். இனி மருந்தால முடியாது.” மூன்று வழி சொன்னார். ஒன்று, வலது கண்ணுக்குச் செய்தது போல வெள்ளை விழியில் வெட்டி ஒரு புது வழி வைப்பது, தண்ணீர் மேல் இமைக்கு அடியில் கசிந்து ஒரு சின்னக் கொப்புளம் மாதிரி நிற்கும். அழுத்தம் நன்றாக இறங்கும், சில சமயம் அளவுக்கு மீறியும் இறங்கிவிடும், தழும்பு கட்டினால் வழி மூடிக்கொள்ளும், ஆறு வாரம் அடிக்கடி வர வேண்டும், ஆயுசுக்கும் கண் சிவந்தால் அன்றைக்கே ஓடி வர வேண்டும். இரண்டாவது, ஒரு குட்டி வால்வும் குழாயும் பொருத்துவது. தழும்பு கட்டுகிற உடம்புக்கு அது தாங்கும், ஆனால் பதினைந்து பதினாறில்தான் போய் நிற்கும், சொட்டு மருந்தையும் விட முடியாது. மூன்றாவது லேசர், தண்ணீர் ஊறுகிற இடத்தையே கொஞ்சம் சுட்டு ஊற்றைக் குறைப்பது. வெட்டில்லை, தையலில்லை, அன்றைக்கே வீடு. ஆனால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டி வரலாம், இருக்கிற பார்வையிலும் கொஞ்சம் போகலாம், மற்றதெல்லாம் கைவிட்ட பிறகு செய்வதாகத்தான் அவர் வைத்திருக்கிறார். “புள்ளி பாக்கற ஃபீல்டு டெஸ்ட் முடிச்சிட்டு வாங்க, பேசி முடிவு பண்ணுவோம். எனக்கு வால்வுதான் சரின்னு தோணுது” என்றார்.

வால்வு! காதில் தேன் பாய்ந்தது எனக்கு. முப்பத்தொரு வருடம் யாரோடு குடித்தனம் பண்ணினேன்? கோடை பராமரிப்பில் சேஃப்டி வால்வைக் கழற்றிப் போட்டு, அதன் உட்காரும் இடத்தைத் தேய்த்து, முகம் பார்க்கிற மாதிரி மெருகேற்றுவேன், ஃபிட்டரைக்கூடத் தொட விட்டதில்லை. கண்ணுக்குள் ஒரு வால்வு என்றால் அது எனக்கென்றே செய்தது. வெட்டி ஓட்டை போடுவதா? பாய்லரில் ஓட்டை என்று வாயால் சொன்னாலே வாயைக் கழுவச் சொல்வேன். நெருப்பைக் குறைப்பதா? அது பயந்தவன் செய்வது. வால்வுதான் மரியாதை. வெளியே ஹாலில் என் மனைவி தையல்நாயகி உட்கார்ந்திருக்கிறாள், மடியில் ஒயர் கூடை, கூடையில் மருந்து, தண்ணீர் பாட்டில், எலுமிச்சம் சாதம். அவளிடம் சொன்னேன், கண்ணுக்கே வால்வு வைக்கப் போறாங்க தையலு, இனி நான் நடமாடும் பாய்லர் என்று. அவள் சிரிக்கவில்லை. “அந்தம்மா ஏன் மொத வழிய வேணாங்கறாங்க?” என்று கேட்டாள். என் உடம்பு வாகு அப்படி, காயம் சீக்கிரம் ஆறிடும், உனக்குத் தெரியாதா என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு கூடையைப் பார்த்தாள். சத்தம். அமுக்கினேன். புள்ளி வந்ததா என்று இந்தத் தடவை கவனிக்கவே இல்லை.

இந்த இடத்தில்தான் சிக்குகிறது. காலையிலிருந்து மூன்று தடவை இதே இடத்துக்கு வந்து நிற்கிறேன், மனம் சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போகப் பார்க்கிறது, பாண்டிச்சேரி வெயில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் தின்ற பலாச்சுளை என்று எதையெதையோ இழுத்துப் போட்டுக்கொள்கிறது, பிறகு மறுபடி இதே இடம். காயம் சீக்கிரம் ஆறுகிற உடம்பு. டாக்டரின் பைலில் வலது கண் பக்கத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, மருந்து ஒழுங்காகப் போட்டும் தழும்பு வேகமாகக் கட்டியது என்று. ஊரில் எல்லாரிடமும் அதைச் சொல்லிப் பெருமையடித்தாகிவிட்டது. “எங்க வீட்டுக்காரருக்கு ஒடம்பு அவ்ளோ உறுதி, டாக்டர் வெட்டுனா அடுத்த வாரமே மூடிக்கிது” என்று முதலில் சொன்னவளே தையல்நாயகிதான், பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொன்னாள், நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன், கேட்கச் சுகமாக இருந்தது, அப்புறம் நானும் சொல்ல ஆரம்பித்தேன், டீக்கடையில் சொன்னேன், பஞ்சாயத்து ஆபீசில் சொன்னேன், சம்பந்தி வீட்டில் சொன்னேன். கண் போனதற்குக்கூட ஒரு கௌரவமான காரணம் இருந்தது எனக்கு. ஆபரேஷன் தோற்றது, ஆனால் தோற்கடித்தது என் உடம்பின் பலம். எவனுக்குக் கிடைக்கும் இப்படி ஒரு தோல்வி?

நடந்தது அதுவல்ல. மூன்று வருடத்துக்கு முன்பு, தீபாவளி கழிந்த வாரம் ஆபரேஷன். மூன்றாம் நாள் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, வழி நன்றாகக் கசிகிறது, இரண்டு மணிக்கொரு தடவை இந்தச் சொட்டு, அதுதான் தழும்பைத் தடுக்கிறது, ஒன்றுகூடத் தப்பக் கூடாது, தூசி கூடாது, அனல் கூடாது, பன்னிரண்டு நாள் கழித்து வாருங்கள் என்று சொல்லி, கட்டம் போட்ட ஓர் அட்டையும் கொடுத்தார் டாக்டர், ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு கட்டம், போட்டதும் டிக் செய்ய வேண்டும். நான்காம் நாள் ஆலையிலிருந்து போன். அரவைப் பருவத்துக்கு பாய்லரில் இளஞ்சூடு ஏற்றுகிற நாள். வருடா வருடம் முதல் நெருப்பை வைப்பது நான். குளித்து, திருநீறு பூசி, ஒரு கரண்டி சக்கையில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தி, அடுப்பு வாயில் உள்ளே தள்ளுவேன், அப்புறம்தான் மேனேஜரே தேங்காய் உடைப்பார். அது என் கடைசிப் பருவம் வேறு, அடுத்த ஆனியில் ஓய்வு. “நீங்க வந்து கை வெச்சிட்டுப் போயிடுங்கண்ணே, ஒரு மணி நேரம்” என்றார்கள். வைக்காமல் எப்படி இருக்க முடியும்? போனேன், கறுப்புக் கண்ணாடியோடு போனேன், மாலை போட்டார்கள். மறுநாள் ஒரு டியூப் கசிந்தது. எவனுக்கும் கை ஓடவில்லை. இருந்துவிட்டேன், பதினோரு நாள். கையெல்லாம் சாம்பலும் கிரீஸும், இந்தக் கையால் கண்ணைத் தொடக் கூடாது என்று எனக்கு நானே ஒரு நியாயம். மருந்து லாக்கரில் சட்டைக்கு அடியில் கிடந்தது. முதல் நாள் இரண்டு தடவை போட்டேன், அடுத்த நாள் ஒன்று, அப்புறம் இல்லை. பாய்லர் சரியாகிவிட்டது. அரவை ஒரு நாள்கூடத் தள்ளிப் போகவில்லை. அதற்கும் மாலை போட்டார்கள். சத்தம். கை தானாக அமுக்கிவிட்டது.

டாக்டர் சொன்ன பன்னிரண்டு நாள் முடிந்ததும் சரியான நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டேன், நேரம் தவறுகிற ஆளா நான்? பஸ்ஸில் வரும்போது, திண்டிவனம் தாண்டி, அட்டையை மடியில் வைத்து எல்லாக் கட்டத்தையும் டிக் அடித்தேன். ஒரே மாதிரி இருந்தால் தெரிந்துவிடும் என்று இரண்டு பேனாவால் அடித்தேன். அந்த இரண்டு பேனா இருக்கிறதே, அதுதான் என்னைத் தூங்கவிடாமல் அறுக்கிறது. ஏனென்றால் பரசுராமன் ஒரே பேனாவால் எழுதி மாட்டியவன். என் கீழே ஃபயர்மேனாக இருந்தான் பரசுராமன், தங்கமான பையனாகத்தான் வேலை பார்த்தான், ஒரு நாள் மதியம் மூன்று மணிக்கு லாக் புக்கைப் புரட்டினேன், ஆறு மணி வரைக்கும் ரீடிங் எழுதி வைத்திருந்தான், நீர்மட்டம், அழுத்தம், எல்லாம் அழகாக, வராத நேரத்துக்கு. அத்தனை பேர் முன்னால் நோட்டை அவன் மேல் வீசினேன். ரிப்போர்ட் எழுதினேன். ஒரு வாரம் சஸ்பெண்டு. அவன் மனைவி கைக்குழந்தையோடு வீட்டுக்கு வந்து நின்றாள். “நோட்ட ஏமாத்தலாம்மா, தண்ணிய ஏமாத்த முடியாது. போயி அவங்கிட்ட சொல்லு” என்று அனுப்பினேன். அன்றைக்கு இரவு சாப்பாட்டில் ஒரு கவளம் குறையவில்லை எனக்கு. நான் செய்தது சரி, இன்றைக்குக் கேட்டாலும் சரி என்பேன். அதுதான் தொந்தரவே. பரசுராமன் மூன்று மணி நேரத்தைத்தான் எழுதினான். நான் பதினோரு நாளை எழுதினேன், அதுவும் என் கண்ணின் மேல்.

“அய்யா, கண்ண அசைக்காதீங்க. நடுவுல பாருங்க. பாதி முடிஞ்சிடுச்சி” என்று இருட்டிலிருந்து ரெஜினா சொன்னாள். நடுவில் பார்த்தேன். சத்தம் வந்தது. கட்டைவிரல் பட்டன்மேல் தயாராக இருந்தது. அமுக்கவில்லை. ஏன் அமுக்கவில்லை என்று தெரியவில்லை, விரலைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். புள்ளி வரவில்லை. மறுபடி சத்தம். வரவில்லை. மறுபடி சத்தம், கீழே வலப்பக்கம் ஒன்று மின்னியது, தெளிவாக, அமுக்கினேன். சத்தம். இல்லை. சத்தம். இல்லை. சத்தம். இல்லை. சத்தம். இல்லை. அந்த மஞ்சள் பொட்டும் அதைச் சுற்றி ஒரு தாம்பாளம் அளவு வெளிச்சமும் இருந்தது, அதற்கு அந்தப் பக்கம் மெஷின் எதையோ காட்டிக்கொண்டே இருந்தது, எனக்குத்தான் காட்டியது, மரியாதையாக ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுக் காட்டியது, நான் பார்க்கவில்லை. மேல் பாதி முழுவதும் இல்லை. எப்போது போனது? வாசல் நிலையில் தலை இடித்தது நிலையின் தப்பு என்றேன். தையல்நாயகி பக்கத்தில் வந்து நின்றபோது திடுக்கிட்டு, சத்தம் போடாமல் வராதே என்று எத்தனை தடவை கத்தியிருக்கிறேன், அவள் ஒளிந்து வரவில்லை, என் பக்கவாட்டில் நடந்துதான் வந்திருக்கிறாள், காப்பி டம்ளரோடு. சத்தம். இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. வெடிக்கப் போகிற பாய்லர் முன்னால் நின்றபோதுகூட இல்லாத பயம். இந்தத் தாம்பாளமும் சுருங்கித் தட்டாகி, தட்டும் சுருங்கிக் காசாகி, காசும் போய்விட்டால் தையல்நாயகியின் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். நல்ல காதுதான். ஆனாலும் காது போதாது.

அப்போது பழைய இரண்டாம் நம்பர் பாய்லர் நினைவுக்கு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அதற்கு நாற்பது வயது. ஒரு வருடம் இன்ஸ்பெக்டர் வந்து தகட்டைத் தட்டிப் பார்த்தார், அளந்து பார்த்தார், தகடு தேய்ந்திருக்கிறது, இது பதினாலு கிலோவில் ஓடக் கூடாது, இனி பதினொன்றுதான் என்று எழுதிவிட்டுப் போனார். நான் என்ன செய்தேன்? சேஃப்டி வால்வைப் பதினொன்றுக்கு மாற்றி வைத்தேன். மாற்றாமல் பதினாலிலேயே ஊதுகிற வால்வை வைத்துக்கொண்டு, வால்வு இருக்கிறது, கவலை இல்லை என்று எவனாவது சொன்னால் அவனைப் படி ஏற விடுவேனா? டாக்டர் என்ன சொன்னார்? நரம்பு முக்கால்வாசி போய்விட்டது, தேய்ந்த தகடு, பன்னிரண்டுக்குக் கீழே ஓட வேண்டும். அந்த வால்வு எங்கே போய் நிற்கும்? பதினைந்து, பதினாறு. வால்வு என்ற பெயரைக் கேட்டு வாயைப் பிளந்தேனே ஒழிய, அது எந்த அழுத்தத்தில் நிற்கிறது என்று கேட்கத் தோன்றியதா எனக்கு? கேட்டது தையல்நாயகி, மொத வழிய ஏன் வேணாங்கறாங்க என்று, எட்டாம் வகுப்போடு நின்றவள். வேண்டாம் என்பது என் உடம்பினால் அல்ல, என் அட்டையினால். டாக்டர் தப்பான ரீடிங்கைப் பார்த்துச் சரியான கணக்குப் போடுகிறார். சொன்னால் போகும், என்னென்ன போகும், உறுதியான உடம்பு போகும், டீக்கடை போகும், இவர் ஒரு மருந்து தப்பாமல் போடுகிற நோயாளி என்று டாக்டர் மற்றவர்களுக்குச் சொல்கிறாரே, அது போகும், வலது கண்ணைத் தொலைத்தது விதியல்ல, நான்தான் என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் வால்வு கிடைக்கும். எனக்குப் பிடித்த வால்வு. யாருக்கும் தெரியாது. “முடிஞ்சிதுங்கய்யா” என்று ரெஜினா விளக்கைப் போட்டாள். “திரும்ப மொதல்லேர்ந்து வைம்மா, மொதப் பாதி நான் சத்தத்தக் கேட்டு அமுக்குனேன்” என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபமா சிரிப்பா தெரியவில்லை. மறுபடியும் வைத்தாள். முழுதும் பார்த்து அமுக்கினேன். அமுக்கியது கொஞ்சம்தான்.

டாக்டர் அறையில் தையல்நாயகியும் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டர் புதுக் காகிதத்தைப் பழைய காகிதத்தோடு வைத்துப் பார்த்தார், மேல் பாதி கறுப்பு, எனக்கே தெரிந்தது. “போன தடவைய விட ரொம்ப மோசமாயிருக்கே” என்று நெற்றியைச் சுருக்கினார். “போன தடவ எடுத்தது பொய்ங்கம்மா” என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது, ஷிப்டு ஒப்படைக்கிறபோது வருமே, அந்தக் குரல். “இன்னொரு பொய்யும் இருக்குது. வலது கண்ணு ஆபரேஷனப்ப நான் மருந்து போடல. நாலாம் நாளு ஆலைக்குப் போயிட்டேன். அடுப்படியில பதினோரு நாளு. அட்டைய பஸ்ல ஒக்காந்து நானே ரொப்புனேன். எனக்குத் தழும்பு சீக்கிரம் கட்டுற ஒடம்பான்னு எனக்குத் தெரியாது. அத நம்பி நீங்க முடிவு பண்ணாதீங்க.” டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “அன்னிக்கே சொல்லியிருந்தா ஊசியால அந்த வழியத் திறந்து பாத்திருப்பேன். கண்ணு நின்னிருக்கவும் வாய்ப்பு இருந்துச்சி.” அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. சாதாரணமாகச் சொன்னார். இடது கண்ணோடு வலது கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்தது. வேலை செய்யாத கண்ணுக்கு அழ மட்டும் தெரிகிறது. நான் துடைக்கவில்லை, தலையையும் குனியவில்லை.

பைலில் அந்த வரியை அடித்துவிட்டு டாக்டர் மூன்று வழியையும் மறுபடி எடுத்துப் பேசினார். மருந்தே போடாமல் தழும்பு கட்டியது என்றால் அது வேறு கதை, அப்படியானால் இடது கண்ணுக்கு வெட்டி வழி வைப்பதே நல்லது, பன்னிரண்டுக்குக் கீழே இறக்க அதற்குத்தான் நல்ல வாய்ப்பு, வைக்கும்போதே தழும்பைத் தடுக்கிற மருந்தும் தடவலாம், வால்வைப் பிறகு தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். “உறுதியா நிக்கும்னு என்னால சொல்ல முடியாதுய்யா. ஆனா ஆபரேஷன்ல என் வேல பாதிதான். மீதி, ஆறு வாரம் மருந்து. அத யாரு பாத்துக்குவா?” நான் வாயைத் திறந்தேன், நான்தான் என்று சொல்ல, வேறு யார், என் பாய்லருக்கு நான்தானே அட்டெண்டன்ட். சொல்ல வரவில்லை. “இவ” என்றேன். “எழுதறதும் இவளே எழுதட்டும்.” தையல்நாயகி என்னைத் திரும்பிப் பார்க்காமல், “எத்தன மணிக்கு எத்தனன்னு எனக்குத் தமிழ்ல எழுதிக் குடுங்கம்மா” என்று டாக்டரிடம் கேட்டாள். திங்கட்கிழமை ஆபரேஷன் என்று முடிவானது.

ஹாலில் வந்து உட்கார்ந்தோம். எனக்கு அப்போதுதான் உறைத்தது, அறைக்குள் நான் சொன்னபோது அவள் திடுக்கிடவே இல்லை.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்ப?”

“அன்னிக்கே. ஆலையிலேர்ந்து கொண்டாந்த பையத் தொவைக்க எடுத்தேன். ரெண்டாவது மருந்து பாட்டிலு சீலு ஒடையாம கெடந்துச்சி.”

“தெரிஞ்சேதான் ஊரெல்லாம் ஒடம்பு உறுதி, ஒடம்பு உறுதின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியா?”

அவள் ஒயர் கூடையின் கைப்பிடியைச் சரி செய்தாள். “ஒரு கண்ணு போயிடுச்சி. நீங்க தெருவுல தலையக் குனிஞ்சிக்கிட்டு நடக்கறதயும் சேத்துப் பாக்கணுமா நானு?”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது, என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று, சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதும் தெரிந்தது, நோட்டை வீசியது போல எதையாவது வீசியிருப்பேன், கோபம் வந்த வழியே போய்விட்டது. மூன்று வருடம் இதை வயிற்றில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டம்மாளிடம் சிரித்த முகமாக அளந்துவிட்டு, தினமும் எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்து, அதற்கு என்னிடமே திட்டும் வாங்கியிருக்கிறாள். இந்த மாதிரி ஒருத்தி என் வீட்டில் இருக்கிறாள் என்று எந்த ஆலையில் யாரிடம் சொல்லியிருக்கிறேன்? எனக்கு அவளைப் பற்றி அவ்வளவு பெருமையாக இருந்தது, எழுந்து நின்று அந்த ஹாலில் இருந்த நாற்பது ஐம்பது பேரிடமும் சொல்லலாம் போலிருந்தது. சொல்ல வாயெடுத்தேன். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கூடையிலிருந்து மருந்தை எடுத்து மூடியைத் திருகினாள்.

“மணி ரெண்டாவுது. அண்ணாருங்க.”

“இங்கியேவா? எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும்.”

நாற்காலியில் சாய்ந்து முகத்தை மேலே தூக்கினேன். டாக்டரைத் தவிர என் கண்ணை இதுவரை யாரையும் தொடவிட்டதில்லை. அவள் விரல் கீழ் இமையை இழுத்துப் பிடித்தது. தாம்பாளம் அளவு வெளிச்சத்துக்குள் அவள் முகம் முழுதாக இருந்தது, மூக்குத்தி, நெற்றிச் சுருக்கம், கடித்துக்கொண்டிருந்த உதடு எல்லாமே.

“மூடாதீங்க” என்றாள்.

“மூடல, போடு” என்றேன்.